பூனைக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லையா? அறிகுறியைப் பிடித்து, பையின் பின்பக்கம் பாருங்கள்

பூனைக்குக் கழிச்சல் என்றதும் கடைக்குப் போய் 'சென்சிடிவ்' என்று எழுதிய பையை வாங்கி வந்து, அன்றைக்கே பழைய தீனியை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. நாலு நாளில் கழிச்சல் இன்னும் மோசமாகும். உடனே வேறொரு பை. மூன்று பை மாறிய பிறகு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கால்நடை மருத்துவராலும் சொல்ல முடியாது. 'இன்ன சேர்மானம் இருந்தால்தான் பையில் சென்சிடிவ் என்று போடலாம்' என்று வரையறை எதுவும் கிடையாது. பையின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் தகவல். ஆனால் பின்பக்கத்தில் எதைத் தேடுவது என்பதைப் பூனையின் அறிகுறிதான் சொல்லும். அதனால் இந்த வழிமுறை அறிகுறி வாரியாகப் போகிறது.

தீனியைக் குறை சொல்வதற்கு முன்

சில நிலைமைகளில் லேபிள் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. 24 மணி நேரம் எதுவும் சாப்பிடாத பூனை, குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுக்கும் பூனை, தார் போலக் கறுப்பாகப் போகும் பூனை, தண்ணீராகக் கழியும் குட்டி, எல்லாம் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டியவை. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். 'வயிறு சரியாகட்டும்' என்று நாயைப் பட்டினி போடுவது போலப் பூனையைப் போடக்கூடாது.

ஆண் பூனை மண் பெட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். பெட்டியில் ஈரக் கட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ராத்திரியானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

விடாமல் வாந்தி எடுத்தால் வாயைத் திறந்து நாக்கின் அடியைப் பாருங்கள். மல்லிகைச் சரத்தின் நூல், தையல் நூல், பட்டத்து நூல் எல்லாம் நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போயிருக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது, குடலை அறுத்துவிடும். வீட்டிலிருக்கும் மனித மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். குறிப்பாகப் பாராசிட்டமால்: ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

பத்து வயதைத் தாண்டிய பூனை அகோரமாகச் சாப்பிட்டும் இளைத்து, அவ்வப்போது வாந்தியும் எடுத்தால் தைராய்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்குச் சாதாரணத் தீனியை மாற்றிப் பயனில்லை.

இதெல்லாம் இல்லையென்றால் இரண்டு வேலை. ஒன்று, புழு மருந்து கொடுத்த தேதியைப் பார்த்து, புதிய மலத்தைச் சின்ன டப்பாவில் கொண்டுபோய்ச் சோதிப்பது. உருண்டைப் புழு, ஜியார்டியா, ட்ரைட்ரைகோமோனஸ் என்ற குடல் ஒட்டுண்ணிகள் மூன்றும் 'தீனி ஒத்துக்கொள்ளவில்லை' என்ற வேஷத்தில்தான் வரும். இரண்டு, ஒரு வாரத்துக்கு உபரி எல்லாவற்றையும் நிறுத்துவது: பால், தயிர்சாதம், மீன் கழுவும்போது போடும் குடலும் தலையும், பிஸ்கட், க்ரீம் ட்ரீட். தாய்ப்பால் மறந்த பூனையின் குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். காலையில் ஒரு கிண்ணம் பால், சாயங்காலம் இளகல் என்று பல மாதம் ஓடியிருக்கும், பழி மட்டும் தீனிப் பைமேல் விழும். இந்த ஒரு வாரத்திலேயே சரியாகும் பூனைகள் நிறைய.

லேபிளைப் படிக்கும் விதம்

சேர்மானப் பட்டியல் எடைப்படி, கூடியதிலிருந்து குறைந்ததாகப் போகும். ஆனால் அது சமைப்பதற்கு முன்னுள்ள எடை. 'சிக்கன்' என்று முதலில் இருந்தால் அது பச்சைக் கோழி, அதில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். டிரை ஃபுட்டாக வறண்ட பிறகு அதன் பங்கு பட்டியலில் பல படி கீழே இறங்கிவிடும். 'சிக்கன் மீல்' என்றால் தண்ணீரும் கொழுப்பும் நீக்கி அரைத்த தூள், எடைக்கு எடை புரதம் அதிகம். பச்சைக் கோழி முதலிடம், அடுத்து நாலு தானியம் என்று இருக்கும் பையைவிட, சிக்கன் மீல் முதலிடத்தில் இருக்கும் பை பல சமயம் மேல்.

இரண்டாவது தந்திரம் பிரித்து எழுதுவது. சோளம், கார்ன் குளூட்டன், அரிசி, அரிசித் தவிடு என்று தனித்தனியாக எழுதினால் ஒவ்வொன்றும் இறைச்சிக்குக் கீழே நிற்கும். கூட்டிப் பார்த்தால் தானியமே முதலிடம். 'கோழி மீல்' என்று பெயர் சொன்னால் நல்லது. 'மீட் மீல்', 'அனிமல் டெரிவேட்டிவ்ஸ்' என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் எந்தப் பிராணி என்று தெரியாது, ஒவ்வொரு பேட்சுக்கும் மாறவும் கூடும். வயிறு சரியில்லாத பூனைக்கு அந்த வகை வேண்டாம்.

பெயரிலும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பிராணித் தீனிக்கு மாதிரி விதிகள் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் விதிப்படி 'டூனா கேட் ஃபுட்' என்றால் சேர்த்த தண்ணீரைக் கழித்து 95 சதவீதம் டூனா, 'டூனா டின்னர்' என்றால் 25 சதவீதம், 'வித் டூனா' என்றால் 3 சதவீதம் போதும். 'டூனா ஃப்ளேவர்' என்றால் வாசனை தெரிந்தால் சரி. மீன் படம் போட்ட பையில் மூன்றாவது வரியில் சிக்கன் மீல் இருப்பது சர்வ சாதாரணம்.

அடுத்து, பையில் எழுதாத ஒன்றை நீங்களே கணக்குப் போட வேண்டும்: மாவுச்சத்து. டிரை ஃபுட் பையில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10 என்று இருக்கிறது. சாம்பல் (தாது உப்புகள்) எழுதவில்லையென்றால் 8 என்று வையுங்கள். கூட்டினால் 62. மீதி 38 சதவீதம் மாவுச்சத்து. பூனையின் எச்சிலில் மாவைச் செரிக்கும் நொதி கிடையாது, கணையத்திலும் குறைவுதான். வெந்த மாவை ஓரளவு செரிக்கும், அளவு கூடும்போது சில பூனைகளுக்கு இளகும்.

பவுச்சில் வரும் ஈரத் தீனியையும் டிரை ஃபுட்டையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். பவுச்சில் புரதம் 9 சதவீதம், ஈரம் 84 என்றால் காய்ந்த எடை 16. 9-ஐ 16-ஆல் வகுத்தால் 56 சதவீதம். மேலே சொன்ன டிரை ஃபுட்டில் 30-ஐ 90-ஆல் வகுத்தால் 33. 'ஒன்பதுதானே இருக்கிறது' என்று ஒதுக்கிய பவுச்தான் புரதம் அதிகம். வளர்ந்த பூனைக்கு ஆஃப்கோவின் குறைந்தபட்சம் காய்ந்த எடையில் 26 சதவீதப் புரதம், 9 சதவீதக் கொழுப்பு. பூனைக்கு அவசியமான டாரின் என்ற அமினோ அமிலம் சேர்த்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது குறைந்தால் பூனையின் இதயம் பெருத்து வலுவிழக்கும் என்பது 1987-லேயே நிரூபணமானது. 'முழு உணவு' என்று இல்லாமல் 'காம்ப்ளிமென்டரி' என்று எழுதிய பவுச்சை மட்டும் கொடுத்து வளர்க்கக் கூடாது.

'கிரெயின் ஃப்ரீ' பற்றி ஒரு வார்த்தை. அரிசியும் சோளமும் போன இடத்தில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் வந்திருக்கும், மாவுச்சத்துக் கணக்கு பல பைகளில் அப்படியேதான் நிற்கும். உணவு அலர்ஜியில் பூனைகளுக்கு அடிக்கடி சிக்குவது மாட்டிறைச்சி, மீன், கோழி. தானியத்தின் முறை அதற்குப் பிறகுதான். கிரெயின் ஃப்ரீக்கு இரட்டை விலை கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

புதுப் பை மாற்றிய ஒரு வாரத்துக்குள் கழிச்சல்

பெரும்பாலும் சேர்மானக் குறை இல்லை, மாற்றிய வேகம்தான். குடல் பாக்டீரியாக்கள் பழைய தீனிக்குப் பழகியவை. பழையதுக்கே திரும்பிப் போய், மலம் கெட்டியானதும் மறுபடி ஆரம்பியுங்கள்: நாலு நாள் கால் பங்கு புதியது, நாலு நாள் பாதி, நாலு நாள் முக்கால், பதின்மூன்றாம் நாள் முழுதும். கண்ணளவு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். நாலு கிலோ வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி போதும். 100 கிராமுக்கு 370 கலோரி உள்ள டிரை ஃபுட்டில் அது 54, 55 கிராம்தான். முதல் நாலு நாளில் புதியது 14 கிராம், பழையது 41 கிராம். தீனியை முதல்முறை நிறுத்துப் பார்க்கும்போதே பாதிப் பேருக்கு, இவ்வளவு நாள் 80 கிராம் போட்டது தெரியவரும். அளவு மிஞ்சினாலும் இளகும்.

எந்தப் படியில் இளகுகிறதோ அதற்கு முந்தைய படியில் ஒரு வாரம் நில்லுங்கள். பாதிக்கு மேல் போனாலே ஒவ்வொரு முறையும் கழிகிறது என்றால்தான் குற்றம் சேர்மானத்தில். பழைய பை, புதிய பை இரண்டின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, புதியதில் மட்டும் இருப்பதை அடிக்கோடிடுங்கள். பவுச் என்றால் முதலில் கெட்டிப்படுத்தும் பசைகளைப் பாருங்கள்: குவார் கம், சாந்தன் கம், கேரஜீனன். கிரேவி, ஜெல்லி வகைகளில் இவை இருக்கும். குவார் கம் கூடினால் சில பூனைகளுக்கு மலம் இளகும். அதே பிராண்டில் பசை குறைந்த பேட்டே (அரைத்த விழுது) வகையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அளவு அதிகமாக, இளகலாக, மாதக்கணக்கில்

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைதான் போகிறது, ஆனால் குவியலாகப் போகிறது, பூனையும் இளைக்கிறது. இது சிறுகுடலின் அடையாளம். தீனி செரிக்காமல் கடந்து போகிறது. நார் 3 சதவீதத்துக்குக் கீழே, மாவுச்சத்து குறைவாக, பெயர் சொன்ன ஒரே இறைச்சியை முதலிடத்தில் வைத்த தீனியைத் தேடுங்கள். பல பூனைகள் பவுச்சுக்கு மாறியதுமே தேறும். மூன்று வாரத்தில் தேறவில்லை, எடை தொடர்ந்து குறைகிறது என்றால் ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட்ட குடல் நோயில் அது குறையும், குறைந்தபின் எந்தத் தீனியும் சரியாகச் சேராது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை, சளியோடு, கடைசியில் சிவப்புச் சொட்டு

இது பெருங்குடல். இங்கே சிகிச்சை தலைகீழ்: நார் சேர்த்தால் நல்லது. பட்டியலில் சிலியம் (அதாவது இசப்கோல்), பீட் பல்ப் (பீட் கிழங்குச் சக்கை), சிக்கரி வேர், எஃப்ஓஎஸ் (கரையும் நார்) இருக்கிறதா பாருங்கள். வீட்டிலேயே இசப்கோல் கால் டீஸ்பூனை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்து பவுச் உணவில் கலந்து, ஒரு நாளைக்கு ஒரு முறை கொடுக்கலாம். வாசனையோ சர்க்கரையோ சேர்க்காத வெறும் உமி இசப்கோலாக இருக்க வேண்டும். வேகவைத்த மஞ்சள் பூசணி ஒரு டீஸ்பூனும் நடக்கும், ஆனால் பல பூனைகள் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். சிறுகுடல் பூனைக்கு இதைச் செய்தால் குவியல் இன்னும் பெரிதாகும், எது எந்த வகை என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சாப்பிட்ட பத்து நிமிஷத்தில் முழு உருண்டையாக வாந்தி

தீனி உடையாமல், நிறம் மாறாமல், குழாய் வடிவத்தில் வெளியே வந்து கிடந்தால் வயிறு அதைத் தொடவே இல்லை. வேகமாக விழுங்கியதுதான் காரணம். சேர்மானத்தில் தேடுவது வீண். அன்றாட அளவை நாலாகப் பிரித்துப் போடுங்கள். கிண்ணத்துக்குப் பதிலாக இட்லித் தட்டில் குழிக்குப் பத்து உருண்டை வீதம் பரப்பினால் ஒவ்வொன்றாகத்தான் எடுத்தாக வேண்டும். தனியே விற்கும் ஸ்லோ ஃபீடர் செய்வதும் இதே வேலைதான். இரண்டு பூனை இருந்தால் வேறு வேறு அறையில் வையுங்கள், போட்டியே பாதிக் காரணம்.

விடியற்காலையில் மஞ்சள் நுரை மட்டும் வந்தால் வெறும் வயிற்றில் பித்தம். ராத்திரி எட்டு மணிக்குக் கொடுக்கும் சாப்பாட்டில் ஒரு பங்கைப் பத்தரைக்கு நகர்த்துங்கள். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் கொழுப்பு அதிகமான தீனியா என்று பாருங்கள், கூடவே மருத்துவரிடமும் காட்டுங்கள்.

வாந்தியோ கழிச்சலோ, கூடவே தலை கழுத்தில் அரிப்பு

உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இல்லை, ஆனால் காதோரமும் கழுத்தும் சொறிந்து புண்ணாகிறது, வயிறும் சரியில்லை என்றால் உணவு அலர்ஜியைச் சந்தேகிக்கலாம். இதைக் கண்டுபிடிக்க நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது, பழகிய தீனியை விலக்கி, எட்டு வாரம் புதிய ஒரே இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றுதான் வழி. பொறுமை கேட்கும் வேலை, அரைகுறையாகச் செய்தால் தொடங்காமலே இருக்கலாம்.

பூனை பிறந்ததிலிருந்து சாப்பிட்ட எல்லா இறைச்சியையும் காகிதத்தில் எழுதுங்கள். நம்மூர்ப் பூனைக்குப் பெரும்பாலும் கோழியும் மீனும் பழகியவை. அதுவரை தொடாத ஒன்று வேண்டும்: வாத்து, முயல், ஆடு. கோழிக்குப் பதில் காடை என்று ஆரம்பிக்காதீர்கள், பறவை இறைச்சிகளுக்குள் அலர்ஜி தாவக்கூடும். அந்தக் கணக்கில் வாத்தும் இரண்டாம் பட்சம்தான். எல்லாமே சாப்பிட்டிருந்தால் மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரோலைஸ்டு தீனி. அதில் புரதத்தை, உடல் அடையாளம் காண முடியாத அளவுக்குச் சின்னத் துண்டுகளாக உடைத்திருப்பார்கள். 'வாத்து' என்று எழுதிய பையிலும் பட்டியலைக் கடைசி வரி வரை படியுங்கள். கோழிக் கொழுப்பு, சிக்கன் டைஜெஸ்ட், மீன் மீல் ஏதாவது ஒளிந்திருக்கும். டைஜெஸ்ட் என்பது ருசிக்காக உருண்டைமேல் தெளிக்கும் கரைத்த ஈரல் சாறு. கோழி அலர்ஜி உள்ள பூனைக்கு அந்தப் பூச்சே போதும்.

வீட்டில் ஆட்டுக்கறி வேகவைத்துச் செய்வதென்றால் உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வெறும் கறி சில நாளைக்கு ஓடும். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து அறவே போதாது, டாரினும் வெந்த நீரில் இறங்கிப் போகும். எட்டு வாரத்துக்குக் கொடுப்பதென்றால் சேர்க்க வேண்டிய சத்துகளை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

இந்த எட்டு வாரமும் வேறு எதுவும் வாயில் போகக்கூடாது. ருசி சேர்த்த புழு மாத்திரை, மாத்திரை பொதிந்து கொடுக்கும் சீஸ், பக்கத்து வீட்டு மீன் தலை எல்லாமே கணக்கு. வெளியே சுற்றும் பூனையிடம் இந்தச் சோதனை செல்லாது. வயிற்றுக் கோளாறு பொதுவாக இரண்டிலிருந்து நாலு வாரத்தில் தணியும், தோல் அடங்க எட்டு வாரம் வரை ஆகும். தணிந்த பிறகு பெரும்பாலானோர் விட்டுவிடும் படி ஒன்று இருக்கிறது: பழைய தீனியைத் திரும்பக் கொடுப்பது. பதினாலு நாளுக்குள் அறிகுறி திரும்பினால்தான் அலர்ஜி உறுதி. திரும்பவில்லையென்றால் நடுவில் வேறு ஏதோ சரியாகியிருக்கிறது, ஆயுள் முழுக்க விலை உயர்ந்த வாத்துத் தீனி வாங்க வேண்டியதில்லை.

கெட்டியாக, உருண்டை உருண்டையாக, இரண்டு நாளுக்கு ஒரு முறை

டிரை ஃபுட் மட்டும் சாப்பிடும் பூனைகளில் இது சகஜம். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 மில்லி தண்ணீர் வரை தேவை. 84 சதவீதம் ஈரமுள்ள 85 கிராம் பவுச் ஒன்றே 70 மில்லி தந்துவிடும். முதல் வேலை ஒரு வேளையைப் பவுச்சாக மாற்றுவது. அடுத்தது மேலே சொன்ன இசப்கோல். தண்ணீர் இல்லாமல் இசப்கோல் கொடுத்தால் அடைப்பு இறுகும். எலும்பு கடிக்கக் கொடுத்தால் நிறுத்துங்கள். வாயில் பாரஃபின் எண்ணெயோ விளக்கெண்ணெயோ ஊற்றாதீர்கள். பாரஃபின் ருசியற்றது, விழுங்குவது தெரியாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மூன்று நாள் போகவில்லையென்றால் மருத்துவர்தான்.

நாற்றமும் வாயுவும்

மலம் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் அறையில் இருக்க முடியவில்லை. பட்டியலில் சோயாபீன் மீல், பட்டாணி மாவு முதல் ஐந்துக்குள் இருக்கிறதா பாருங்கள். பயறு வகைச் சர்க்கரைகளைப் பூனையின் சிறுகுடல் உடைக்காது, பெருங்குடலில் புளித்து வாயுவாகும். அவை இல்லாத தீனிக்கு மெதுவாக மாறினால் போதும்.

இத்தனை மாதம் நன்றாகச் சாப்பிட்ட அதே தீனி, இந்தப் பையில் மட்டும் தகராறு

சேர்மானம் மாறவில்லை, பை கெட்டிருக்கிறது. பூனைத் தீனியின் கொழுப்பு காற்றும் சூடும் பட்டால் காறும், சென்னை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இன்னும் சீக்கிரம். திறந்து மோந்து பாருங்கள்: பழைய எண்ணெய்ப் பலகாரம் போல வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். திறந்த பையை நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒற்றைப் பூனைக்கு 1.2 கிலோ பை 22 நாள் வரும், சரி. 'கிலோவுக்கு மலிவு' என்று 7 கிலோ மூட்டை வாங்கினால் நாலு மாதத்துக்கு மேல் ஓடும், கடைசி இரண்டரை மாதம் பூனை காறிய கொழுப்பைத்தான் சாப்பிடும். கடையில் திறந்த மூட்டையிலிருந்து லூசாக அள்ளித் தருவதில் பட்டியலும் இல்லை, தேதியும் இல்லை, எத்தனை நாளாகத் திறந்து கிடக்கிறது என்றும் தெரியாது. வயிறு சரியில்லாத பூனைக்கு அது வேண்டவே வேண்டாம்.

டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். பழைய டப்பாவின் சுவரில் ஒட்டிய எண்ணெய்தான் புதியதை முதலில் கெடுக்கும். பவுச்சில் மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். கொடுக்கும் முன் குளிர் போக, பவுச்சை வெந்நீரில் ஐந்து நிமிஷம் நிற்க வைத்தால் போதும். கிண்ணத்தில் போட்ட பவுச் உணவு வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. எறும்பு வந்தால் மருந்து தெளிக்காமல், கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவில் வையுங்கள். புதுப் பை திறக்கும் நாளில் பின்பக்கப் பட்டியலையும் பேட்ச் எண்ணையும் ஒரு படம் எடுத்து வைத்தால், கம்பெனி சத்தமில்லாமல் சேர்மானத்தை மாற்றியிருந்தாலும் இரண்டு படத்தை ஒப்பிட்டே கண்டுபிடித்துவிடலாம்.